லிஃப்ட் பண்ண பிக்கப்ல பின்பக்கத்தை மட்டும் இன்னும் 2 இன்ச் ஏத்துறது எப்படி?

லிஃப்ட் கிட் (வண்டி உயரத்தை ஏத்துற பார்ட்ஸ் செட்) போட்டு முடிச்ச அப்புறமும் வண்டி மூக்கைத் தூக்கிக்கிட்டு பின்னாடி உக்காந்த மாதிரியே நிக்குதுன்னா அதுக்கு பெரும்பாலும் ரெண்டு காரணம்தான் இருக்கும், ஒண்ணு முன்னாடி ஏத்தின அளவுக்கு பின்னாடி ஏத்தல, இன்னொண்ணு பின் ஸ்பிரிங் லோடு அடிச்சு அடிச்சு தொய்ஞ்சு போச்சு. கம்பெனியில இருந்து வர்ற பிக்கப் காலியா நிக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கிறதே லோடு ஏத்தினா நேரா வரணும்னுதான். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்காம பார்ட்ஸ் ஆர்டர் பண்ணாதீங்க.

முதல்ல அளந்துருங்க

சமதளத்துல நிறுத்தி, சக்கரத்தோட நடு மையத்துல இருந்து நேரா மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு நாலு பக்கமும் அளந்து எழுதி வெச்சுக்கோங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர்ல காத்து கூடக் குறைய இருந்தாலே கணக்கு மாறிடும். இடது வலதுல நல்லாவே வித்தியாசம் தெரிஞ்சா ஒரு பக்க ஸ்பிரிங்ல பிளேட்டு உடைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

எந்த வழி?

இங்க சொல்றதெல்லாம் பின்னாடி லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை பட்டையா பிளேட்டு அடுக்கின ஸ்பிரிங் இருக்கிற வண்டிக்கு. காயில் ஸ்பிரிங்னா ஸ்பேசர் இல்லன்னா உயரமான காயில் போடுவாங்க, அதுல பான்ஹார்ட் ராடு (ஆக்ஸிலை சேஸிஸோட குறுக்கா இணைக்கிற கம்பி) ஆக்ஸிலை ஒரு பக்கமா இழுத்துரும், அது தனிக் கதை.

ஸ்பிரிங் தொய்ஞ்சிருந்தா ஆட்-அ-லீஃப், அதாவது இருக்கிற கட்டுக்குள்ள கூடுதலா ஒரு பிளேட்டு. லோடு நல்லா தாங்கும், ஆனா காலியா ஓட்டும்போது ஒவ்வொரு குழியும் முதுகுல தெரியும். நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கோட ஒரு முனையை சேஸிஸோட இணைக்கிற ஆடுற துண்டு) போட்டும் ஏத்தலாம், ஆனா ஷேக்கிள் 2 இன்ச் நீளம் கூடினா வண்டி ஏறுறது சுமாரா 1 இன்ச்தான். ஸ்பிரிங் நல்லா இருந்து உயரம் மட்டும் வேணும்னா பிளாக், அதாவது ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல வைக்கிற உலோகக் கட்டை, முதல் தடவை பண்றவங்களுக்கு இதுதான் சுலபம்.

பிளாக்குக்கு சில கண்டிப்பான விஷயம் இருக்கு. ஏற்கனவே லிஃப்ட் பண்ண வண்டியில ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஒரு பிளாக் கண்டிப்பா இருக்கும்னே வெச்சுக்கோங்க, பல 4x4 பிக்கப்ல கம்பெனியே போட்டு அனுப்பும். அது மேல இன்னொண்ணை அடுக்கவே கூடாது, பழசை எடுத்துட்டு மொத்த உயரத்துக்கும் ஒரே பிளாக். முன் ஆக்ஸில்ல பிளாக் வைக்கிற பேச்சே வேணாம். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேல உக்காந்திருந்தாதான் இது வேலை செய்யும், கீழ தொங்குற டிசைன்னா பிளாக் வெச்சா வண்டி இறங்கும். ரொம்ப உயரமான பிளாக்கும் நான் போடச் சொல்லமாட்டேன், ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் ஆக்ஸில் முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் எஸ் மாதிரி வளையும்.

ஸ்பிரிங்கையும் ஆக்ஸிலையும் சேர்த்துக் கட்டுற யூ போல்ட்டு நாலும் புதுசு வாங்கணும். ஒரு தடவை முறுக்கின யூ போல்ட்டு இழுபட்டிருக்கும், திரும்பப் போட்டா பிடிமானம் நிக்காது.

கழட்டுறது

முந்தின நாளே பழைய நட்டுல துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க, ஏன்னா ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரத்தை, அதைத்தான் நாம தூக்கப் போறோம். வீல் நட்டு லேசா தளர்த்திட்டு டிஃபரன்ஷியலுக்கு (பின் ஆக்ஸில் நடுவுல உருண்டையா இருக்கிற கியர் பெட்டி) அடியில ஜாக்கி வெச்சுத் தூக்கி, ஸ்பிரிங்கோட முன் மவுண்ட்டுக்கு முன்னாடி சேஸிஸ்ல ரெண்டு ஸ்டாண்டு போட்டு வண்டி வெயிட்டை அதுல இறக்கிருங்க. ஜாக்கி ஆக்ஸிலைத் தாங்கிக்கிட்டே இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ள படுக்காதீங்க, தயவு செஞ்சு.

சக்கரம் கழட்டி, ஷாக் அப்சார்பர் கீழ் போல்ட்டு ரெண்டையும் எடுத்துட்டு, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள், டிஃபரன்ஷியல் பிரீதர் குழாய் (காத்து போய் வர்ற குழாய்) எல்லாத்தையும் கிளிப்ல இருந்து விடுவிச்சிருங்க. அப்புறம் ஒரு பக்க யூ போல்ட்டை முழுசா எடுங்க, அடுத்த பக்கத்தை தளர்த்தினா மட்டும் போதும், ரெண்டையும் ஒண்ணா எடுத்தா ஆக்ஸில் உருண்டுரும்.

பிளாக் வைக்கிறது

ஜாக்கியை மெதுவா இறக்குங்க, கண்ணு பிரேக் ஹோஸ் மேலயே இருக்கட்டும், அது இழுபட ஆரம்பிச்சா அங்கயே நிறுத்தணும். பிளாக்கோட அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற முளை, ஆக்ஸில் சீட்ல (ஸ்பிரிங் உக்கார்ற மேடை) இருக்கிற ஓட்டைக்குள்ள போகணும், ஸ்பிரிங்கோட சென்டர் போல்ட்டு தலை பிளாக் மேல் ஓட்டைக்குள்ள உக்காரணும். பிளாக் சரிவா இருந்தா மெல்லிசான பக்கம் வண்டியோட முன்பக்கம் பார்க்கணும், அப்பதான் பினியன் (டிஃபரன்ஷியல்ல ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற முனை) லேசா மேல நிமிரும்.

திரும்ப ஆக்ஸிலைத் தூக்கி, யூ போல்ட்டு மாட்டி, நட்டை குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, நாலு முனையிலயும் மரை ஒரே அளவு வெளிய தெரியணும். அடுத்த பக்கமும் இதே. கடைசி டார்க் (முறுக்கு அளவு) மட்டும் சக்கரம் மாட்டி வண்டி தரையில நின்ன அப்புறம், கிட்ல போட்டிருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல. ஷேக்கிள் போல்ட்டைத் தொட்டிருந்தா அதையும் தரையில வெச்சுத்தான் முறுக்கணும், இல்லன்னா ரப்பர் புஷ் முறுக்கின நிலைமையிலயே மாட்டிக்கிட்டு சீக்கிரம் கிழியும்.

இதோட விட்ராதீங்க

உயரம் ஏத்துறதை விட அதுனால எது எது இழுபட்டுச்சுன்னு பார்க்கிறதுதான் இதுல முக்கால்வாசி வேலை. பழைய ஷாக் நீளம் பத்தலைன்னா ஆக்ஸில் தொங்கும்போது அதுவே முழு வெயிட்டையும் பிடிச்சு நிறுத்தும், சீக்கிரம் போயிரும், நீளமானது போடுங்க. பிரேக் ஹோஸ் ஆக்ஸில் முழுசா தொங்கும்போதும் கொஞ்சம் தொய்வா இருக்கணும். சில பிக்கப்ல லோடு பார்த்து பின் பிரேக் அளவை மாத்துற வால்வு ஒண்ணு ஆக்ஸிலோட கம்பியால இணைஞ்சிருக்கும், வண்டி உயர்ந்தா அது காலி வண்டின்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சிரும், அதோட பிராக்கெட்டையும் அதே அளவு நகர்த்தணும்.

கிளம்பும்போது மட்டும் அடியில ஒரு உதறல் வந்தா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம்னு சந்தேகப்படுங்க. ரெண்டு துண்டு ஷாஃப்ட்னா நடு பேரிங்கை ஸ்பேசர் வெச்சு கொஞ்சம் இறக்கினா பெரும்பாலும் அடங்கும்.

முன்பக்கமும் மாறும், இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. 130 இன்ச் வீல்பேஸ் வண்டியில பின்னாடி 2 இன்ச் ஏத்தினா மொத்த பாடியும் சுமாரா 0.9 டிகிரி முன்னாடி சாயும், காஸ்டரும் (முன் சக்கரம் திரும்புற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கிற கோணம்) அதே அளவு குறையும், வேகத்துல ஸ்டியரிங் அலையற மாதிரி இருக்கும். அதனால அலைன்மென்ட் பார்த்துருங்க, கீழ இறங்கிப் போன ஹெட்லைட்டையும் திரும்ப செட் பண்ணுங்க. உங்க ஊர்ல எவ்வளவு உயரம் வரை அனுமதின்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.

முறுக்கின நட்டு மேல பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க. 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை, 800 கிட்ட இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க, கோடு விலகியிருந்தா லோடு ஏத்தாம முதல்ல அதை முறுக்குங்க.