அமெரிக்க நீதிமன்றத்தில் ஒரு குழந்தைக்காகப் பேச: சி.ஏ.எஸ்.ஏ. தன்னார்வலர் ஆவது எப்படி?

கொடுமையாலோ கவனிப்பின்மையாலோ வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தையின் நலனை மட்டும் பார்த்து நீதிபதியிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இதற்காக 1977இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூகப் தொடங்கிய ஏற்பாடுதான் சி.ஏ.எஸ்.ஏ. (Court Appointed Special Advocate: குழந்தைக்காகப் பேச நீதிமன்றம் நியமிக்கும் தன்னார்வலர்). சட்டப் படிப்பு தேவையில்லை. என் முதல் வழக்கு முடிந்ததும் நண்பர்கள் விவரம் கேட்டார்கள்; அவர்களுக்காக இந்தப் பதிவு.

1. விண்ணப்பம். உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) சி.ஏ.எஸ்.ஏ. அமைப்புக்கு எழுதுங்கள். பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நேர்காணலும் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. வழக்கு ஓராண்டுக்கு மேலும் நீளலாம். நடுவில் விலக நேரும் என்று தோன்றினால் இப்போது சேராதீர்கள். அந்தக் குழந்தையைப் பலர் ஏற்கெனவே விட்டுப் போயிருக்கிறார்கள்.

2. பயிற்சி. சுமார் 30 மணி நேரம். இணையவழியிலும் நடத்துகிறார்கள், நான் நேரடி வகுப்பையே பரிந்துரைப்பேன். மாதிரி வழக்குகளை நாலு பேரோடு வாதிட்டால்தான் நம் முன்முடிவுகள் நமக்கே தெரியவரும். பிறகு நீதிபதி முன் உறுதிமொழி.

3. நியமன ஆணை. உங்களை வழக்குக்கு நியமிக்கும் நீதிமன்ற ஆணையின் பிரதி எப்போதும் பையில் இருக்கட்டும். அது இல்லாமல் பள்ளியோ மருத்துவமனையோ வாய் திறக்காது.

4. சந்திப்பு. குறைந்தது மாதம் ஒருமுறை, குழந்தை வசிக்கும் இடத்திலேயே. குறிப்பெடுக்கக் கைப்பேசி வேண்டாம். கையடக்க நோட்டுப் புத்தகம் போதும். அதிலும் பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும்.

5. அறிக்கை. புதியவர்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். “தாய்க்கு அக்கறை இல்லை” என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. இப்படி எழுதிப் பாருங்கள்: “குழந்தையைப் பார்க்க 4 மணிக்கு வரவேண்டிய தாய் 4.35க்கு வந்தார். முதல் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் இரண்டாவது பஸ் போய்விட்டது என்றார். குழந்தை ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டது.” இப்போது சிக்கல் பாசத்தில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது என்பது நீதிபதிக்குப் புரியும். “சந்திப்பை 5 மணிக்கு மாற்றலாம்” என்று பரிந்துரைக்க உங்களுக்கும் வழி பிறக்கும். கண்டது, கேட்டது, யார் சொன்னது, என்றைக்கு என்பதை முதலில் எழுதுங்கள், பரிந்துரை கடைசியில். குழந்தையின் விருப்பம் உங்கள் பரிந்துரைக்கு மாறாக இருந்தாலும் அதை அப்படியே பதிவு செய்யுங்கள். பாதுகாப்பாக இருக்குமானால் பெற்றோரிடமே திரும்புவதுதான் பெரும்பாலான வழக்குகளின் முதல் இலக்கு. அதை மனத்தில் வைத்தே எழுத வேண்டும்.

பின்சேர்க்கை: பொங்கலுக்குக் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கூடாது. பணம் கொடுப்பதும் கூடாது. பரிசு கொடுக்க நினைத்தால் உங்கள் மேற்பார்வையாளரிடம் முதலில் கேளுங்கள்.

இன்னொருவர், “யாரிடமும் சொல்லமாட்டேன் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கலாமா?” என்றார். கொடுக்காதீர்கள். “உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும்” என்று முதல் சந்திப்பிலேயே, அதன் வயதுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள்.