எஸ்டிபில (கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட்) புதுசா சேந்திருக்கீங்களா? மொதல்ல ஒரு பழைய சாரம் (லுங்கி) எடுத்துட்டு வாங்க

கன்னியாகுமரி லாட்ஜ், நாகர்கோவில் ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட்னு நம்ம மாவட்டத்துல சின்னச் சின்ன எஸ்டிபி இப்ப நெறைய இருக்கு. புதுசா சேர்ற ஆளுக்கு மோட்டார் போட சொல்லிக் குடுப்பாங்க, கெமிக்கல் ரூம்னா "அந்தா கெடக்கு பாத்துக்கோ"ன்னு கைய காட்டிட்டு போயிருவாங்க. எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு, அதான் இத எழுதுறேன்.

மொத வேலை, ஒரு நோட்டு எடுத்துட்டு அந்த ரூமுக்குள்ள போங்க. ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், தண்ணி மாதிரி இருக்குற ப்ளீச்), ப்ளீச்சிங் பவுடர், படிகாரம், ஆசிட், காஸ்டிக், எது எவ்வளவு இருக்கு, எப்ப வந்துச்சுன்னு எழுதுங்க. பேரு இல்லாத கேன் இருந்தா மோந்து பாக்காதீங்க, தனியா எடுத்து வச்சிட்டு சப்ளையர்ட்ட கேளுங்க, கூடவே ஒவ்வொண்ணுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட்டும் (என்ன ஆபத்து, பட்டா என்ன செய்யணும்னு எழுதுன தாள்) கேட்டு வாங்குங்க. ஹைப்போ கேன் வெயில்ல இருந்தா வீரியமும் போகும், உள்ள கேஸ் சேந்து வயிறு உப்புன மாதிரி வீங்கவும் செய்யும். நெழல்ல வைங்க, காத்து போற மூடிதான் போடணும்.

ரெண்டாவது, பிரிச்சு வைக்கிறது. இதுலதான் நான் மாட்டுனேன். படிகாரம் கரைச்ச மக்கை கழுவாம அதுலயே ஹைப்போ கோரிட்டேன், அடியில ரெண்டு விரக்கடை கரைசல் இருந்துருக்கு, புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்புறம் தொண்டைல முள்ளு வச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு, கண்ணுல தண்ணி நிக்கல. படிகாரக் கரைசலே புளிப்புதான், ஆசிட் மாதிரி, ஹைப்போல பட்டா குளோரின் கேஸ் வந்துரும். மக்கு, வாளி, பைப்பு எல்லாம் தனித்தனியா வச்சு பெயின்ட்ல பேரு எழுதிருங்க. ப்ளீச்சிங் பவுடரை ஜெனரேட்டர் டீசல் பக்கத்துல வைக்கவே கூடாது, எண்ணெய், துணி, மரத்தூள் பட்டா தீப்பிடிக்கும். ஆசிட்ட தண்ணில ஊத்தணும், தண்ணிய ஆசிட்ல ஊத்தக்கூடாது, ஆசிட் கலந்து ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டு ஆளுங்களுக்கு இது நான் சொல்ல வேண்டாம்.

இப்ப சாரம். ஒரு முழம் கிழிச்சு உயரமான கம்பில கட்டுங்க, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு அது காட்டும். குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், தாழ்ந்த எடத்துலதான் போய் தேங்கும், அதனால பள்ளத்துப் பக்கம் ஓடக்கூடாது, சாரம் பறக்குற பக்கமும் ஓடக்கூடாது. காத்துக்கு குறுக்க நடந்து வெளிய வந்து மேட்டுக்கு போங்க. நம்மூர்ல கடற்கரைப் பக்கம் பகல்ல ஒரு தெசை, ராத்திரி இன்னொரு தெசை, ஆடி மாசம் ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம்னா காத்தைப் பத்தி கேக்கவே வேண்டாம், அதனால ஷிப்டு மாறும்போதெல்லாம் ஒரு தடவை மேல பாத்துக்கிடுங்க. பெரிய பிளாண்ட்ல 900 கிலோ குளோரின் டன்னர் (பெரிய சிலிண்டர்) இருக்கும், அது லீக்கானா மேல தண்ணி ஊத்தாதீங்க, ஆசிட்டாகி இரும்பைத் தின்னு ஓட்டை பெருசாகும். துணி மாஸ்க் கட்டிட்டு வால்வு மூடப்போறது வீரம் இல்ல. மூச்சு செட் (முதுகுல காத்து சிலிண்டரோட வர்ற மாஸ்க்) போட்டு பழகுன ஆளு வரட்டும்.

கண்ணுல தெறிச்சா 15 நிமிஷம் விடாம தண்ணி, அப்புறம் ஆஸ்பத்திரி. அதுக்கு தண்ணி பைப்பு கெமிக்கல் ரூம் வாசல்லயே இருக்கணும்.

டேங்க் விஷயம் தனி. கரண்ட் போயி, டேங்க்ல காத்து ஊதுற ப்ளோவர் நின்னா கழிவுத்தண்ணி செத்துரும், அழுகுன முட்டை நாத்தம் வரும், அது ஹைட்ரஜன் சல்பைடு. 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல நூறு பங்கு) அளவு போனா மூக்கு மரத்துரும், நாத்தம் போயிட்டுன்னு நெனச்சு எறங்குனா ஆளு திரும்பி வரமாட்டான், தூக்கப்போறவனும் வரமாட்டான். எறங்காதீங்க, யாரு சொன்னாலும். உள்ள ஒருத்தன் விழுந்துட்டா 112 இல்லன்னா 101 (தீயணைப்பு) அடிங்க, குதிக்காதீங்க.

கடைசியா எமர்ஜென்சி பிளான். ஒரே ஒரு பேப்பர் போதும், யாரு கரண்ட் ஆஃப் பண்றது, யாரு ஆளுங்கள எண்ணுறது, எங்க கூடுறது, 112, 101, 108, மேனேஜர் நம்பர். ஆனா 2017ல ஒக்கி புயல் வந்தப்போ மரம் விழுந்து ரோடு அடைச்சு, நாள் கணக்கா கரண்டும் இல்ல, போனும் எடுக்கல. அதனால போன் இல்லன்னா யாரு ஓடிப்போயி சொல்றது, டீசல் எத்தன மணி நேரம் தாங்கும்னு அதையும் எழுதுங்க. எழுதி செவத்துல ஒட்டுங்க, மொபைல்ல வச்சா ஆகாது.

அப்புறம் அந்த பிளான் படி ஒரு தடவை ஓடிப் பாத்துருங்க. நாங்க பாத்த அன்னைக்கு பின் கேட்டுல பூட்டு தொங்குது, சாவி வாட்ச்மேன் அண்ணன் வீட்டுல, அவரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாரு. இப்ப அதுல வெறும் கொண்டிதான்.