குறைந்த செலவில் பிசிடி: புதுச்சேரியில் டைவ் பழகுகிறவர்களுக்கு

ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலையான ஓபன் வாட்டர் பயிற்சியை முடித்த கையோடு பலருக்கும் சொந்தமாக ஒரு பிசிடி வாங்கும் ஆசை வந்துவிடும். முதுகில் டேங்க்கைத் தாங்கிக்கொண்டு, காற்றை ஏற்றி இறக்கி நம்மை மிதக்கவும் அமிழவும் வைக்கிற ஜாக்கெட் அது. விலை கையைக் கடிக்கும். ஆனால் தண்ணீருக்குள் அமிழ இடுப்பில் கட்டுகிற ஈய எடை உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டால், சின்னதாக, எளிமையாக உள்ள பிசிடியே தாராளமாகப் போதும். அதனால் கடைக்குப் போகும் முன் கடலில் ஒரு வேலை இருக்கிறது.

முதல் படி: ஈயத்தைச் சரிபாருங்கள்

வாடகை பிசிடியிலேயே இதைச் செய்யலாம். டைவ் முடிந்து டேங்க்கில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சம் இருக்கும்போது, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, மூச்சுவிட உதவும் ரெகுலேட்டர் வாயிலேயே இருக்க, தண்ணீர் மட்டத்தில் பிசிடியின் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். சாதாரணமாக மூச்சை இழுத்து, காலை அசைக்காமல் இருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் அளவு சரி. கல் மாதிரி இறங்கினால் அடுத்த டைவில் ஒரு கிலோவைக் குறையுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தேவைக்கு மேல் கட்டுகிற ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் பிசிடியில் கூடுதலாக ஒரு லிட்டர் காற்று ஏற்ற வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும். உங்களை வேகமாகத் தூக்கிவிடும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாம் படி: மிதப்புக் கணக்கு

வழக்கமான 11 லிட்டர் அலுமினிய டேங்க்கில் 200 பார் காற்று நிரம்பியிருந்தால், அந்தக் காற்றின் எடையே 2.5 கிலோவுக்கு மேல். அது தீரத் தீர நீங்கள் லேசாவீர்கள். கடைசி 50 பாரை விட்டுவிட்டால் தீருவது 2 கிலோவுக்குப் பக்கம், அதனால் தொடக்கத்தில் அந்த 2 கிலோ கனமாகத்தான் இறங்குவீர்கள். நம் கடல் வெதுவெதுப்பானது, உடம்பைக் குளிரிலிருந்து காக்கும் ரப்பர் உடையான வெட்சூட் 3 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தாலே போதும். 18 மீட்டரில் அழுத்தம் அதை நசுக்குவதால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ மிதப்பு போகும். படகுக்குக் காத்திருக்கும்போது தலை அலைக்கு மேலே நிற்க 4, 5 கிலோ மிதப்பு வேண்டும். எல்லாம் சேர்த்தாலும் 10 கிலோவைத் தாண்டாது.

பிசிடியின் உட்புற லேபிளில் மிதப்புத் திறன் இருக்கும். நியூட்டனில் போட்டிருந்தால் 100 நியூட்டன் ஏறக்குறைய 10 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ தூக்கும் என்று சொல்லி அதிக விலைக்கு விற்பது கனத்த வெட்சூட்டும் ஏகப்பட்ட ஈயமும் கட்டுகிற குளிர்நாட்டுக் கடலுக்கானது. இங்கே வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த வகை?

ஜாக்கெட் வகை இடுப்பையும் விலாவையும் சுற்றிக் காற்றடைக்கும். பழக எளிது, பழையதாகவும் அதிகம் கிடைக்கும். இன்னொன்று முதுகில் ஒரு உலோகத் தகடு, அதில் பட்டை, பின்னால் காற்றுப்பை என்று தனித்தனியாகப் பூட்டுவது. கொஞ்சம் சேர்த்துவைக்க முடிந்தால் என் ஓட்டு இதற்குத்தான். எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். பட்டையை இழுத்துச் சரிசெய்தால் வீட்டில் இன்னொருவரும் மாட்டிக்கொள்ளலாம். எஃகுத் தகடே 2.5 கிலோவுக்குப் பக்கம் இருப்பதால் இடுப்பிலிருந்து அவ்வளவு ஈயம் கழன்றுவிடும். ஒல்லியானவர்கள் அலுமினியத் தகடு பார்க்கலாம். பட்டையை மாற்றும்போது பை தைக்கும் கடையின் மெல்லிய நைலான் வேண்டாம், விறைப்பான டைவ் பட்டையே வேண்டும்.

பக்கவாட்டுப் பைகள், ஈயப்பை, நிறம் இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். வெயிட் பெல்ட் போதும்.

நான்காம் படி: மாட்டிப் பாருங்கள்

வெட்சூட்டோடு மாட்டி, முழுக்கக் காற்றடைத்து, ஆழமாக மூச்சிழுங்கள். நெஞ்சு நெரிந்தால் சின்னது. தோள் பகுதி காதுவரை ஏறினால் பெரிது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அளவு சேராததை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: பழையது வாங்கும்போது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டைவ் குறைந்து, உப்போடு அலமாரிக்குள் போன பிசிடிகள் அப்புறம் விலைக்கு வரும்.

பிசிடிக்குள் காற்றை ஏற்றி இறக்க உதவும் நெளிநெளியான இன்ஃப்ளேட்டர் குழாயைக் கையால் இழுத்து, மடிப்புகளுக்கு நடுவே விரிசல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பையைக் குலுக்குங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே உப்பு கட்டியிருக்கிறது. டேங்க்கோடு இணைத்து, காற்றேற்றும் பொத்தானைப் பலமுறை அமுக்கி விடுங்கள். விரலை எடுத்த பிறகும் உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்தால், அந்த வால்வைச் சரிசெய்யாமல் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீருக்கு அடியில் அது தானாக ஊதி உங்களை மேலே இழுத்துவிடும்.

அப்புறம், அதிக அழுத்த வால்வு தானாகத் திறந்து காற்றை விடும்வரை நிரப்பி, இணைப்பைக் கழற்றி, ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். காலையில் தொளதொளவென்று இருந்தால் பெரிய தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடுங்கள். வால்வு விளிம்பில் வந்தால் மணலோ தேய்ந்த ரப்பர் வளையமோ காரணமாக இருக்கும். சின்னச் செலவில் முடியும். தையலிலோ ஒட்டிலோ வந்தால் வேண்டாம். விற்பவர் ராத்திரி வைத்துப் பார்க்கச் சம்மதிக்கவில்லை என்றால் நான் வாங்கமாட்டேன்.

இன்ஃப்ளேட்டரோடு அவசரத்துக்கு மூச்சுவிட உதவும் மாற்று ரெகுலேட்டரும் சேர்ந்த மாடலாக இருந்தால், டேங்க்கிலிருந்து காற்று கொண்டுவரும் சாதாரண ஹோஸ் அதில் பொருந்தாமல் போகலாம். ஹோஸையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

காசு கொடுக்கும் முன்

நீங்கள் டைவ் போகிற இடத்தில், சொந்த பிசிடி கொண்டுவந்தால் கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். எதுவும் குறையாது என்றால், வாங்குவதால் பணம் மிச்சமாகாது. உடம்புக்குப் பொருந்துகிற ஜாக்கெட் கிடைக்கும், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஓரிரு தடவை கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து டைவ் செய்கிறவர் வாடகையிலேயே இருக்கலாம். அவருக்கு முதலில் தேவை முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்.

வாங்கியாயிற்று என்றால் முதல் டைவை நீச்சல் குளத்தில் வையுங்கள். ஹோஸ் இணைப்பைக் கண்ணால் பார்க்காமல் ஒரே இழுப்பில் கழற்றி, மறுபடி மாட்டப் பழகுங்கள். புது எடைக்கு ஏற்ப ஈயத்தை மறுபடி சரிபார்த்து, அந்த அளவை பிசிடியிலேயே எழுதி வையுங்கள். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் உள்ளே நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, குழாய் வழியாக வடித்து, பாதிக் காற்றோடு நிழலில் தொங்கவிடுங்கள்.