பாலியெஸ்டரில் எங்கே வெட்டுவது? கார நீராற்பகுப்பும் விளைபொருள் பெயர்களும்

போன வாரம் அக்கா மகன் தன் பிளஸ் டூ வேதியியல் தாளை நீட்டி, "மாமா, இதுல ஏன் எனக்குப் பாதி மார்க் போச்சு?" என்றான். கேள்வி இதுதான்: ஒரு பாலியெஸ்டரை (எஸ்டர் பிணைப்புகளால் கோர்த்த நீண்ட சங்கிலி) சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நீராற்பகுத்தால், அதாவது அந்த எஸ்டர்களை வெட்டினால், வரும் விளைபொருள்களின் பெயர் என்ன? பார்த்தால், நான் படிக்கும்போது எனக்குப் போன அதே பாதி மார்க், அதே இடத்தில். அதனால்தான் இந்தப் பதிவு. எஸ்டர் தொகுதி எப்படி இருக்கும் என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாள், பென்சில், சிவப்புப் பேனா போதும். கணினியில் வரைகிற மென்பொருளெல்லாம் பழகும்போது வேண்டாம் என்பேன், பிணைப்புகளை அதுவே சரிசெய்துவிடும், கைக்கு ஒன்றும் ஏறாது.

தண்ணீர் பாட்டில் செய்கிற PET என்ற பாலியெஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தது, பாடத்தில் டெரிலீன் என்று படிப்பதும் இதே பலபடிதான்.

இப்போது வரையுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாக. பலபடியின் வாய்பாட்டில் அடைப்புக்குறிக்குள் இருக்கிற, திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு அலகை வரைந்தால் இப்படி வரும்: ஆக்சிஜன் – கார்பன் – கார்பன் – ஆக்சிஜன் – கார்போனைல் (C=O) – பென்சீன் வளையம் – கார்போனைல். இதில் கண்ணுக்குத் தெரிகிற எஸ்டர் பிணைப்பு ஒன்றுதான். இன்னொன்று அடைப்புக்குறியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது: கடைசி கார்போனைலுக்கும் அடுத்த அலகின் முதல் ஆக்சிஜனுக்கும் நடுவில். மருமகன் உள்ளே இருந்ததை மட்டும் வெட்டிவிட்டு, வளையத்தின் ஒரு பக்கம் கிளைக்கால் (glycol, ஆல்கஹால் துண்டு) ஒட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி விடை எழுதியிருந்தான். ஆகவே எப்போதும் இரண்டு அலகுகளைச் சேர்த்து வரையுங்கள், அடைப்புக்குறியை அழித்துவிடுங்கள்.

அப்புறம் சிவப்புப் பேனா. கார்போனைல் கார்பனுக்கும் அதை ஒட்டிய ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கும் நடுவே ஒரு கோடு. ஆக்சிஜனின் மறுபக்கத்தில் போடக் கூடாது, ஆக்சிஜன் ஆல்கஹால் பக்கம்தான் போகும். இரண்டு அலகுகளிலும் எல்லா எஸ்டரிலும் கோடு போட்டாயிற்றா? சரி. ஆல்கஹால் துண்டின் ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ரஜன் கொடுங்கள். கார்போனைல் துண்டுக்கு எதிர்மின்சுமையுள்ள ஓர் ஆக்சிஜன், பக்கத்தில் ஒரு சோடியம் அயனி.

கார்பாக்சிலிக் அமிலம் என்று எழுதினால் மார்க் போகும், ஏனென்றால் காரக் கரைசலில் அமிலம் அமிலமாகவே நிற்காது, உப்பாகிவிடும். அமில நீராற்பகுப்பு மீள்வினை. காரத்தில் உண்டாகிற கார்பாக்சிலேட் (அமிலத்தின் உப்பில் இருக்கிற எதிர்மின் அயனி) ஆல்கஹாலோடு திரும்பச் சேராது, அதனால் வினை முழுசாக முடிகிறது. ஆய்வகத்தில் இந்த உப்பு தண்ணீரில் கரைந்து தெளிவாக இருக்கும், அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் பால் மாதிரி வெளுத்து டெரிப்தாலிக் அமிலம் (பென்சீன்-1,4-டைகார்பாக்சிலிக் அமிலம்) வீழ்படிவாக வரும். கேள்வியில் 'பின்பு அமிலம் சேர்க்கப்பட்டது' என்று இருந்தால் மட்டும் அமிலத்தின் பெயரை எழுதுங்கள்.

பெயர்கள்: எத்தேன்-1,2-டையால் (இரண்டு OH உள்ள ஆல்கஹால், மேலே சொன்ன கிளைக்கால்), டைசோடியம் பென்சீன்-1,4-டைகார்பாக்சிலேட். சரிபார்க்க எடையைக் கூட்டிப் பாருங்கள். ஓர் அலகு 192, அதற்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு 80, மொத்தம் 272. அந்தப் பக்கம் உப்பு 210, டையால் 62. கணக்கு உதைத்தால் எங்கோ ஓர் எஸ்டரை வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள்.

வளையம் இல்லாத பாலியெஸ்டரில் வேறு ஒரு பள்ளம். இரண்டு கார்போனைலுக்கு நடுவே நான்கு கார்பன் இருந்தால் கை தானாகப் பியூட்டேன் என்று எழுதும். கார்போனைல் கார்பன்களும் சங்கிலியில் சேர்த்தி, ஆகவே அது டைசோடியம் ஹெக்சேன்டையோயேட். பென்சீன் மாதிரி வளையத்தில் ஒட்டியிருந்தால் அவை மூலப்பெயரில் சேராமல் 'டைகார்பாக்சிலேட்' என்று தனியாக வரும்.

பிற்சேர்க்கை: பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலியெஸ்டரில் டையாலே வரவில்லையே என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். வராது. ஒரே ஒற்றைப்படியில் ஆல்கஹாலும் அமிலமும் இருப்பதால் கிடைப்பதும் ஒரே பொருள்தான்: சோடியம் 2-ஹைட்ராக்சிபுரோப்பனோயேட். அலகுக்கு ஒரு மோல் காரம் போதும். பக்கத்தில் தொங்குகிற மெத்தில், கிளை இல்லை, சங்கிலியின் மூன்றாவது கார்பன் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை. ஆக்சிஜன் நேராக பென்சீன் வளையத்தில் ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்று வேறொருவர் கேட்டார், நல்ல கேள்வி, நான் எழுதாமல் விட்டது. வெட்டியதும் வருவது ஃபீனால். சாதாரண ஆல்கஹாலை சோடியம் ஹைட்ராக்சைடு சீண்டாது, ஃபீனாலை விடாது. காரம் மிகுதியாக இருந்தால் அந்த ஆக்சிஜனுக்கும் சோடியம் அயனி போடுங்கள், அந்த எஸ்டர் ஒன்றுக்கே இரண்டு மோல் காரம் என்று கணக்கிடுங்கள்.