காம்பிங்குக்கு விறகு: எங்கே வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது

ஒன்ராறியோவுக்கு வந்த முதல் கோடையிலேயே யாராவது உங்களைக் காம்பிங்குக்குக் கூப்பிடுவார்கள். வேலையிடத்து நண்பராக இருக்கலாம், சித்தப்பா குடும்பமாக இருக்கலாம். கூடாரம் இரவல் கிடைக்கும், கூலர் கிடைக்கும், சட்டி பானை வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் விறகை ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு இரவு தங்கப் போகும் குடும்பம் கவனமில்லாமல் வாங்கினால், இடத்துக்குக் கட்டிய வாடகையில் பாதியளவு விறகுக்கே போய்விடும். நெருப்பில்லாத காம்பிங்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் திரும்பி வந்து பேசுவது அந்த நெருப்பைப் பற்றித்தான். ஆகவே அதைக் குறைந்த செலவில், சரியான முறையில் செய்வதற்கு எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

ஊரில் நமக்கு விறகு வளவுக்குள்ளேயே கிடந்தது. பாளை, பன்னாடை, கொக்கறை, பொச்சுமட்டை என்று பொறுக்கினாலே ஒரு நேரச் சமையல் முடியும். போதாதென்றால் விறகுகாலைக்குப் போனோம். அந்தப் பழக்கத்தோடு வருகிறவருக்கு இங்கே இரண்டு யோசனைகள் வரும். வீட்டுப் பின்வளவில் வெட்டிய மரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் பூங்காவுக்குள் விழுந்து கிடப்பதைப் பொறுக்கலாம். இரண்டையும் செய்யாதீர்கள்.

வீட்டு மரம் ஏன் கூடாது

எங்கள் பக்கத்து வீட்டில் பட்டுப்போன ஆஷ் மரம் ஒன்றை வெட்டினார்கள். துண்டுகளை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர். அடுத்த கிழமை காம்பிங் போக இருந்ததால் எனக்குச் சந்தோஷம். ஏற்றுவதற்கு முன் ஒரு துண்டின் பட்டையைக் கையால் இழுத்தேன், அப்படியே கழன்று வந்தது. உள்ளே மரத்தின் மேல் பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் நிறைய மரத்தூள். பட்டையின் வெளிப்பக்கத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைவாக, ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல இருந்தது. அந்தத் துண்டுகளை நான் ஏற்றவில்லை.

அது மரகதப் பச்சை நிறத்தில் மின்னும் ஒரு சின்ன வண்டின் வேலை. வளர்ந்த வண்டின் நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கிழக்காசியாவிலிருந்து வந்த இதை 2002இல் டெட்ராயிட்டிலும் ஆற்றுக்கு இக்கரையில் உள்ள வின்சரிலும் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் தின்றுகொண்டே போகும்போது, மரத்துக்குத் தண்ணீரும் உணவும் போகும் வழி அறுந்துவிடும். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் இப்படிச் செத்திருக்கின்றன. தானாகப் பறந்தால் இந்த வண்டு அதிக தூரம் போகாது. விறகோடு காரில் ஏறினால் ஒரே பகலில் ஸ்காபரோவிலிருந்து அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வண்டு மட்டும் அல்ல. ஓக் மரங்களைக் கொல்லும் ‘ஓக் வாடல்’ என்னும் பூஞ்சை நோயை 2023இல் நயாகரா ஃபோல்ஸில் கனடாவிலேயே முதல் தடவையாகக் கண்டார்கள். அதுவும் விறகோடு பயணம் செய்யக்கூடியது.

இதனால்தான் கனடாவில் விறகை எரிக்கும் இடத்திலேயே வாங்கச் சொல்கிறார்கள். சில தேசியப் பூங்காக்கள் வெளி விறகை உள்ளே எடுப்பதேயில்லை. அமெரிக்க எல்லையைத் தாண்டிப் போவதானால் விறகே ஏற்றாதீர்கள்.

பொறுக்குவது பற்றி: கார் நிறுத்தித் தங்கும் மாகாணப் பூங்காக்களில் விழுந்த கிளையைக்கூட எடுக்கக்கூடாது. ஒரு கோடையில் ஆயிரக்கணக்கான பேர் வந்து போகும் இடம் அது. ஆளுக்கு ஒரு கைப்பிடி சுள்ளி எடுத்தால் தரை மொட்டையாகிவிடும், உக்கும் மரத்தை நம்பியிருக்கும் உயிர்களும் போய்விடும். கயாக், கனூ எடுத்து உள்காட்டுக்குப் போகிறவர்களின் கதை வேறு. அல்கொன்குவின் உள்காட்டில் தரையில் விழுந்து கிடக்கும் செத்த மரத்தை அங்கேயே எரிக்கப் பொறுக்கலாம். நிற்கிற மரத்தைத் தொடக்கூடாது. பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை நன்றாகப் பற்றும் என்று யாராவது சொல்லித் தருவார்கள். உண்மைதான், ஈரமாக இருந்தாலும் பற்றும். ஆனால் உயிருள்ள மரத்திலிருந்து உரித்தால் அந்த இடம் காலம் முழுக்கக் கறுத்து வடுவாகவே நிற்கும்.

மலிவான விறகு எங்கே

மூன்று இடங்களில் விறகு கிடைக்கும். நகரத்துப் பெரிய கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் பிளாஸ்டிக்கில் சுற்றிய கட்டுகள் இருக்கும். இவை சின்னவை, கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் இவைதான் விலை கூடியவை. நகரத்திலிருந்து வாங்கித்தான் போக வேண்டுமென்றால், வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியதற்கான சான்றுமுத்திரை உள்ள கட்டைப் பாருங்கள். சூளையில் உலர்த்தியது என்று மட்டும் எழுதியிருந்தால் அது காணாது. உலர்த்தும் சூடு எப்போதும் புழுவைக் கொல்லும் அளவுக்குப் போவதில்லை.

இரண்டாவது, பூங்காவின் உள்ளேயே விற்பது. விலை நடுத்தரம், இரவில் தீர்ந்துபோனாலும் காலையில் நடந்துபோய் வாங்கலாம். ஆனால் விற்கும் நேரம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் கிடைக்காது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, 400ஆம் நெடுஞ்சாலை நெரிசலில் நின்று, இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்கிறவர்களுக்கு இது நடக்கும்.

மூன்றாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பூங்காவுக்கு இருபது முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது வேகத்தைக் குறைத்து வீதியோரத்தைப் பாருங்கள். போன் எக்கோ பூங்காவுக்குப் போகும் 41ஆம் நெடுஞ்சாலை, பால்சம் லேக் பக்கம் போகும் 48, அல்கொன்குவினுக்குப் போகும் 60 என்று எந்தப் பக்கம் போனாலும், பண்ணை வீட்டு வாசலில் கூரை போட்ட தட்டு ஒன்றில் விறகு அடுக்கி, கையால் எழுதிய பலகை ஒன்று வைத்திருப்பார்கள். பல இடங்களில் ஆளே இருக்க மாட்டார். ஒரு தகரப் பெட்டி இருக்கும், காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். சில்லறையாக ஐந்து, பத்து டொலர் தாள்கள் கொண்டுபோங்கள். இருபது டொலர் தாளோடு நின்றால் மிச்சம் தர அங்கே ஒருவரும் இல்லை. அந்த நம்பிக்கையில் நடக்கும் கடை அது, சரியான காசைப் போடுங்கள். இந்த விறகு அந்தப் பகுதி மரம் என்பதால் பூச்சி கொண்டுபோகும் பயமும் குறைவு, பணமும் அந்த ஊர்க் குடும்பத்துக்கே போகிறது.

கட்டைத் தூக்கிப் பாருங்கள்

மலிவு என்பது விலைப் பலகையில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. நாங்கள் ஒரு முறை ஒரு வீதியோரத் தட்டில் நல்ல மலிவு என்று நான்கு கட்டு வாங்கினோம். மேப்பிள், பார்க்க அழகாக இருந்தது. பற்ற வைத்தால் மரத்தின் இரண்டு முனையிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து சீறியது. புகையில் பிள்ளைகள் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆட்டிறைச்சிக் கறி கொதிக்க ஒன்றரை மணி நேரம் எடுத்தது, கடைசியில் காஸ் அடுப்பில்தான் முடித்தோம். மறுநாள் பூங்காவில் காய்ந்த விறகு திரும்பவும் வாங்கினோம். இரண்டு தரம் காசு.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கலாம். எரிப்பதற்கு அந்த ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் மேப்பிளுக்கு ஒரு வருடம் வரை ஆகும், ஓக்குக்கு அதைவிடக் கூட. பார்த்து வாங்க ஒரு நிமிடம் போதும். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும், ஈர மரம் ‘தொம்’ என்று மந்தமாகக் கேட்கும். வெட்டுமுகத்தைப் பாருங்கள், நடுவிலிருந்து விளிம்புக்குக் கதிர் போல வெடிப்புகள் ஓடியிருக்க வேண்டும். நிறம் மங்கிச் சாம்பலாக இருந்தால் நல்லது. பட்டை தானாகக் கழன்று வந்தாலும் பெரும்பாலும் காய்ந்ததுதான், ஆனால் அப்போது உள்ளே புழுத் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கையில் தூக்கினால் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்க வேண்டும். விற்பவர் நின்றால், எப்போது பிளந்தது என்று கேளுங்கள். போன வருடம் என்றால் வாங்கலாம், இந்த வசந்தத்தில் என்றால் வேண்டாம்.

மரவகையும் முக்கியம். மேப்பிள், ஓக், ஆஷ் மாதிரியான வன்மரங்கள் மெதுவாக எரிந்து நல்ல தணல் போடும். சட்டி வைக்க, சோளம் சுட அந்தத் தணல்தான் வேண்டும். பைன், ஸ்புரூஸ், சீடர் மாதிரியான மென்மரங்கள் சட்டென்று பற்றி, பொறி பறந்து, சீக்கிரம் முடிந்துவிடும். பைனில் இருக்கும் பிசின் சட்டியின் அடியைக் கரிக்கட்டியாக்கும். ஆகவே ஒரு கட்டு மென்மரம் பற்ற வைக்க, மிச்சம் வன்மரம் என்று வாங்குங்கள்.

விலையை ஒப்பிடும்போது கட்டு எத்தனை என்று எண்ணாதீர்கள், கட்டு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 7 டொலர் கட்டில் ஆறு துண்டு, 10 டொலர் கட்டில் பன்னிரண்டு துண்டு என்றால் இரண்டாவதுதான் மலிவு. பெரிய குழுவாக கொட்டேஜ் எடுத்துத் தங்குகிறவர்கள் ‘கோர்ட்’ கணக்கில் வாங்க நேரலாம். ஒரு கோர்ட் என்றால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய விறகு, மொத்தம் 128 கன அடி. ‘ஃபேஸ் கோர்ட்’ என்று விற்பது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான், துண்டின் நீளம் குறைந்தால் அதுவும் குறையும். பெயரை நம்பாமல் அடுக்கின் நீளம், உயரம், துண்டின் நீளம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பலகை, சாமான் அடுக்கி ஏற்றும் மரத்தட்டான பலெட் எரிக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். வீட்டுக்கு வெளியே போடும் மரத்தளத்தின் (டெக்) பழைய பலகைகளில் 2003 முடியும் வரை ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள். அந்தப் புகையைப் பிள்ளைகள் சுவாசிக்கக்கூடாது. பலெட்டை எரித்தால் சாம்பலில் ஆணிகள் மிஞ்சும், வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு அது ஆபத்து.

எவ்வளவு போதும்

எங்கள் கணக்கு இது: பூங்காவில் விற்கும் அளவுள்ள பை ஒன்று, அடக்கி எரித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இரவுச் சமையலும் பிறகு கதைத்துக்கொண்டு இருப்பதும் என்றால் ஓர் இரவுக்கு இரண்டு பை. காலைத் தேநீருக்கு விறகு மூட்டாதீர்கள், சின்ன காஸ் அடுப்பு போதும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஓர் இடத்துக்கு ஆறு பேர்தான் என்பதால் நம் ஆட்கள் மூன்று நான்கு இடங்களைப் பக்கம் பக்கமாக எடுப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக நெருப்பு மூட்டாமல் ஓர் இடத்தில் மட்டும் மூட்டி எல்லோரும் அங்கே கூடுங்கள். இதில் மிச்சமாகும் காசு வேறு எதிலும் மிச்சமாகாது.

பற்ற வைக்கக் கடைகளில் விற்கும் கட்டிகள் தேவையில்லை. வீட்டில் தேங்காய் திருவி முடிந்த சிரட்டைகளைச் சேர்த்துக் காயவைத்துக் கொண்டுபோங்கள். நான்கு சிரட்டையும் கொஞ்சம் கடதாசியும் இருந்தால் மழைக்குப் பிறகும் நெருப்பு எழும்பும், அதன் தணலில் அப்பளம்கூடச் சுடலாம். பையில் வரும் துண்டுகள் தடிப்பாக இருக்கும். ஒரு கைக்கோடாலியால் ஒன்றிரண்டைச் சுள்ளியாகப் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் விறகைப் படங்கால் மூடி, தரையில் படாமல் இரண்டு கல்லின் மேல் வையுங்கள். பனியில் நனைந்தால் காய்ந்த விறகு வாங்கியதில் பயனில்லை.

புறப்படும் அன்று காலை நெருப்புத் தடை இருக்கிறதா என்று பூங்காவின் அறிவிப்பில் பாருங்கள். ஒன்ராறியோவில் காட்டுத்தீக் காலம் ஏப்ரல் 1 முதல் ஒக்டோபர் 31 வரை. வறண்ட வாரங்களில் திடீரென்று தடை வரும், அப்போது வாங்கிய விறகு முழுக்க வீண். தடை இல்லையென்று உறுதியான பிறகுதான் வீதியோரத் தட்டில் காரை நிறுத்துங்கள்.

கடைசி நாள் புறப்படும்போது தணலின் மேல் தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, திரும்பவும் ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடே தெரியக்கூடாது. மிஞ்சிய விறகை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதே பூச்சி இந்தப் பக்கமும் வரும், ரொறன்ரோ நகரத்துக்குள் பின்வளவில் திறந்த நெருப்பு மூட்டவும் அனுமதி இல்லை. அப்போதுதான் கூடாரம் அடிக்கிற பக்கத்து இடத்துக் குடும்பத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்களுக்கு முதல் வருடம் அப்படி ஒருவர் அரைப் பை மேப்பிள் தந்துவிட்டுப் போனார், அன்று இரவுச் சோறு அதில்தான் வெந்தது.