பிரிட்டனில் பிள்ளை பெறப் போகிறீர்களா? மிட்வைஃபிடம் "ஃபைன்" என்று சொல்லாதீர்கள்

பேப்பர் வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். வந்ததும் ஜிபியிடம் (நம் ஏரியா குடும்ப டாக்டர்) பதிவு, கர்ப்பம் தெரிந்ததும் மிட்வைஃபிடம் (பிரசவம் பார்க்கும் செவிலியர்) பதிவு, குழந்தை பிறந்தால் 42 நாட்களுக்குள் பிறப்புப் பதிவு (ஸ்காட்லாந்தில் 21 நாள்), குழந்தையின் எடை, தடுப்பூசி எல்லாம் எழுதக் கையில் தரும் சிவப்புப் புத்தகத்தைத் தொலைக்கக் கூடாது. இதிலெல்லாம் யாரும் பெரிதாக மாட்டிக்கொள்வதில்லை. நான் மாட்டியது பால் கொடுப்பதில்.

ஊரில் என்றால் அம்மா வீடு, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, குழந்தையைச் சரியாகப் பிடித்து மார்பில் வைக்க அக்கம்பக்கத்தில் நாலு பெரியம்மாக்கள். இங்கே சுகப்பிரசவம் என்றால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவருக்கு இரண்டு வாரம் லீவு. அம்மாவுக்கு விசா வரவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி குழந்தை ஓயவே இல்லை. மார்பில் போட்டால் சப்பும், எடுத்தால் வீல் என்று கத்தும். வாட்ஸ்அப்பில் மாமியார் பார்த்துவிட்டு "பால் பத்தலைம்மா, பச்சப்புள்ள பாவம்" என்றார். கணவர் இரவு இரண்டு மணிக்குப் போய் பால் மாவு டின் வாங்கி வந்தார். குழந்தை 60 மில்லி குடித்துவிட்டு நாலு மணி நேரம் தூங்கியது, நாங்களும் தூங்கினோம். இதைவிட நிம்மதி வேறென்ன என்று மறுநாளும் அதையே கொடுத்தோம்.

அந்த ராத்திரி அழுகை பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாட்களில் சீம்பால் கொஞ்சம்தான் வரும், அது போதும். பால் நிறைய இறங்க இரண்டிலிருந்து நாலு நாள் ஆகும். அதுவரை விடாமல் சப்புவதுதான் உடம்புக்குப் போகும் ஆர்டர். தெருமுனை மாவுக் கடைக்காரர் மாதிரி, நேற்று எவ்வளவு போனதோ அதைப் பார்த்துத்தான் இன்று அரைப்பார். நான் புட்டியில் கொடுத்துக்கொண்டு, மார்பைக் காலி செய்யாமல் விட்டேன். பால் குறைந்துகொண்டே போனது.

இதற்கு நடுவில் மிட்வைஃப் வீட்டுக்கு வந்தார். "ஃபீடிங் எப்படி?" "ஃபைன், ஃபைன்." காம்பு வெடித்து ரத்தம் கசிந்து நைட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் போய் நம் கஷ்டத்தைச் சொல்வதா என்று டீ போட்டுக் கொடுத்தேன். அவரும் ஃபைன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கே ஒரு தடவை கொடுத்துக் காட்டு என்று கேட்டிருக்கலாம் இல்லையா, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் மிட்வைஃப் வருவது நின்று ஹெல்த் விசிட்டர் (அதற்கப்புறம் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் செவிலியர்) கைக்கு மாறினோம். அதற்குள் நாளுக்கு ஐந்து புட்டி.

அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். வார்டை விட்டுக் கிளம்பும் முன்னே ஒரு முழுத் தடவை பால் கொடுப்பதை ஒருவர் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது. தேசியத் தாய்ப்பால் உதவி எண் 0300 100 0212, ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு ஈர நாப்பியாவது வர வேண்டும். வரவில்லை, குழந்தை பாலுக்கு எழாமல் சோர்ந்து கிடக்கிறது என்றால் அன்றே மிட்வைஃபையோ டாக்டரையோ கூப்பிடுங்கள். அப்போது டாக்டர் புட்டிப்பால் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை, கூடவே பம்ப் செய்யுங்கள்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து சில்ட்ரன்ஸ் சென்டரில் (சின்னக் குழந்தை உள்ள குடும்பங்களுக்கான உதவி மையம்) வாரம் ஒரு நாள் நடக்கும் தாய்ப்பால் குழு. அங்கே ஒரு அம்மா ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார்: நான் குழந்தையின் தலையைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தேன். காம்பு மூக்குக்கு நேராக இருக்கட்டும், தலை பின்னால் சாய இடம் விடு, கொட்டாவி மாதிரி வாய் திறந்ததும் தாடை முதலில் பதியட்டும் என்றார். அன்றே வலி பாதி போனது. அப்புறம் நாளுக்கு எட்டுத் தடவை பம்ப், வாராவாரம் எடை பார்த்து ஒவ்வொரு புட்டியாகக் குறைப்பு. நாலு வாரம் ஆனது. ராத்திரிப் புட்டி ஒன்று மட்டும் கடைசி வரை போகவில்லை.

ஊர்ப் பழக்கத்தில் சில இங்கே செல்லாது. சேனை வைக்கிறேன் என்று தேன் தொடவே கூடாது, ஒரு வயது வரை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே விட்டமின் டி சொட்டு. காலை வெயிலில் காட்டிக்கொள்ளலாம் என்றால் நவம்பரில் வெயிலுக்கு எங்கே போவது? சுறா, பால் கொடுப்பவர்களுக்கு வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், பாதரசம் இருக்கிறதாம். இதை அம்மாவிடம் சொன்னபோது போனை வைத்துவிட்டார்.

வெளியே போனால் கூச்சப்பட வேண்டாம். 2010 சமத்துவச் சட்டப்படி, பால் கொடுக்கிறாய் என்று கஃபேயில் உங்களை எழுப்பி அனுப்ப முடியாது. 2015-ல் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் பால் கொடுக்க அறை திறந்தபோது நான் காலேஜ் பெண், அதைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறுவேன், எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இங்கே முதல் தடவை பஸ்ஸில் துப்பட்டாவைப் போர்த்திக் கொடுத்தபோது அந்த அறைதான் ஞாபகம் வந்தது.

நண்பர்களே, குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் ரசமும் சோறும் கொண்டு வாருங்கள். வந்ததும் சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவுங்கள். "பால் பத்துதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.