குட்டிக் குதிரைக்குத் தரைப்பயிற்சி: கயிற்றை எப்போது தளர்த்துவது?

அந்தியூர் ஆடிச் சந்தையில் ஒன்றரை, இரண்டு வயசுக் குட்டி வாங்கி லாரியில் ஏற்றி வேலூர் வந்து சேர்ந்தீர்கள் என்றால், முதல் ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் வேண்டாம். புதுத் தண்ணீர், புதுத் தீவனம், புது ஆட்கள் எல்லாம் பழகட்டும். முதுகில் ஏறும் பேச்சை மூன்று வயசுக்கு முன்னால் எடுக்கவே கூடாது. அதுவரை நடப்பதெல்லாம் தரையில் நின்றபடிதான்.

இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாலாற்று மணல் மெத்தை மாதிரி தெரியும். ஆனால் கணுக்கால் வரை புதையும் மணலில் முன்னங்கால் தசைநாண் இழுத்துக்கொள்ளும். குளம்பு பாதி பதியும் ஈரமணல் போதும். வெடித்துக் கிடக்கும் ஏரிப் படுகை வேண்டவே வேண்டாம், பிளவில் கால் மாட்டும். சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் போனால் குட்டியின் கவனம் சிதறும், நமக்குப் பொறுமை போகும்.

மூக்கில் உறுத்தாத தலைக்கயிறு, கட்டைவிரல் கனத்தில் 12 அடிப் பருத்திக் கயிறு, 4 அடி மூங்கில் கழி. இவ்வளவுதான். நைலான் கயிறு உள்ளங்கையைத் தீய்த்துவிடும். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள். மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். மிச்சக் கயிற்றை மடிப்பு மடிப்பாகப் பிடியுங்கள். கழி நம் கையின் நீட்சி, அடிப்பதற்கு அல்ல.

எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை ஒன்றுதான். குட்டி கற்றுக்கொள்வது கயிறு இறுகும்போது அல்ல, தளரும்போது. கேட்டதைச் செய்யத் தொடங்கிய அந்த நொடியிலேயே தளர்த்த வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால், எதற்காகத் தளர்த்தினோம் என்று அதற்குப் புரியாது.

முதலில் தலையைத் தாழ்த்தப் பழக்குங்கள். இடது தோளருகே நின்று, கயிற்றைத் தாடைக்குக் கீழே பிடித்து மெல்லக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இழுக்க வேண்டாம், கையின் கனம் மட்டும் போதும். ஒரு அங்குலம் இறங்கினாலும் உடனே விடுங்கள். நாலைந்து நாளில் முழங்கால் உயரம் வரை தலை இறங்கும். வாயை மெல்லுவது, பெருமூச்சு விடுவது, காது தளர்வது எல்லாம் பதற்றம் இறங்குவதற்கான அடையாளம். பயந்த குதிரை தலையைத் தூக்கித்தான் நிற்கும், அதனால் இந்தப் பாடம் பின்னால் எல்லா இடத்திலும் கைகொடுக்கும்.

அடுத்தது நடை. தோளுக்கு நேராக நின்று "நட" என்று சொல்லி முதலில் நீங்கள் அடி எடுத்து வையுங்கள். வராவிட்டால் கழியால் பின்பக்கம் லேசாகத் தொடுங்கள். முன்னால் போய் நின்று இழுத்தால் குதிரை பின்னுக்கு இழுக்கும், அந்தப் போட்டியில் நாம் தோற்போம். "ஓ" என்றதும் நிற்க வேண்டும். நின்ற பிறகு இரண்டே அடி பின்வாங்கச் சொல்லுங்கள். ஆளை இடித்துக்கொண்டு வரும் குட்டிக்கு இதுதான் மருந்து.

பின்பகுதியை நகர்த்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். தலையைச் சற்று உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, விலாவுக்குப் பின்னால் விரலாலோ கழி நுனியாலோ அழுத்துங்கள். உங்கள் பக்கத்துப் பின்னங்கால் மற்றக் காலுக்கு முன்னால் குறுக்கே வர வேண்டும். ஓரடி வைத்ததும் விடுங்கள். கால் குறுக்கே போகாமல் முன்னால் நடந்துகொண்டே இருந்தால், கயிறு அதிகம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது பழகிவிட்டால், மிரண்டு பாயத் தொடங்கும்போது பின்பகுதியைத் திருப்பி வேகத்தைக் குறைக்கலாம். வட்டமாக ஓடவிடுவதை மட்டும் இந்த வயசில் குறைத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்கு அது பாரம்.

வெல்லத்தைக் கையில் வைத்து அடிக்கடி ஊட்டாதீர்கள், கடிக்கும் பழக்கம் அப்படித்தான் தொடங்குகிறது. கழுத்தில் தடவிக் கொடுத்தால் போதும்.

பம்பை, உடுக்கை, சரவெடி எல்லாம் ஒலிக்கும் ஊர் இது. கல்யாண ஊர்வலத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், முதலில் சாக்கில் தொடங்குங்கள். குட்டி பார்க்கும் தூரத்தில் ஆட்டுங்கள். அது அசையாமல் நிற்கும்போதுதான் சாக்கை விலக்க வேண்டும். துள்ளும்போது விலக்கினால், துள்ளினால் தப்பிக்கலாம் என்று கற்றுக்கொள்ளும். பல நாள் கழித்துத் தோளில் தடவுங்கள், பிறகு குடை, பிறகு தூரத்தில் பம்பைச் சத்தம். இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் முதலிலிருந்தே பழக்க வேண்டும். ஒரு பக்கம் பழகிய சாக்கை மறுபக்கம் கண்டால் குட்டி மிரளக்கூடும்.